எந்தக் கை நனைந்தது

அன்று ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த கை வலதா இடதா என்பது லெமெக்கிக்கு இன்றுவரை உறுதியில்லை.

விபத்து நடந்த அந்த மாலையில் அவனுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். மழை. நனைந்த ஒரு கை. பிறகு ஆஸ்பத்திரிக் கூரை.

வலது என்றே நினைத்து வந்தான். அந்தப் பழைய பிக்கப்பில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலக்கை நனைந்திருந்தால் அவன் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறான் என்று அர்த்தம். ஓட்டியது அண்ணன் அலபாத்தி. ஊருக்கே தெரிந்ததுதான், அலபாத்தியே போலீசில் சொன்னது.

மறு வருஷம் சமோவாவில் சாலையே பக்கம் மாறியது. வலது ஓரமாக ஓடிய வண்டிகள் எல்லாம் ஒரு காலையில் இடது ஓரத்துக்குப் போயின. அதிலிருந்து அவன் நினைவில் இடமும் வலமும் சொன்ன இடத்தில் நிற்பதில்லை.

இப்போது அவனிடம் இருப்பதும் அதே ரகப் பிக்கப். நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்த பணத்தில் வாங்கியது.

டிரைவர் சீட்தான் சரியில்லை. சீட்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துவிட்டது. மேடு ஏறினால் சீட் அப்படியே பின்னால் கடைசிவரை ஓடிவிடும். லெமெக்கி குட்டை. கால் பெடலை விட்டுப் போய்விடும். பின்னால் ஒரு சீமைப்பலாக் கட்டையைச் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தான்.

காலையில் சேம்பங்கொல்லைக்குக் கிளம்பிய அலபாத்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் குனிந்தால் ஜன்னல் நிறைந்துவிடும்.

"டேய் கட்டை, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சு ஓட்டுறவனுக்கு இன்னொரு கட்டை வேறயா? சாவியக் குடு. பிள்ளைய நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நீ ஓட்டுன வரைக்கும் போதும்ணே."

அலபாத்தி சிரித்தான். இந்தப் பேச்சுக்கு அவன் எப்போதும் சிரிப்பதோடு சரி. வெட்டுக்கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மதியம் படகு வரும். மகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் திரும்ப வேண்டும். கட்டையை நம்பி அவளை ஏற்ற லெமெக்கிக்கு மனம் வரவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் அந்தப் பழைய வண்டி கொடி மூடிக் கிடந்தது. அதில் ஒரு திருகாணியைக்கூட அலபாத்தி யாரையும் தொட விட்டதில்லை. கேட்டவர்களிடம், கிழவர் ஒருவர் அடிபட்டுச் செத்த வண்டி, வேண்டாம் என்பான்.

லெமெக்கி ஸ்பேனரோடு போய்க் கொடியை அறுத்தான்.

சீட் நகரும் இரும்புச் சேனலை மட்டும் கழற்றினால் போதும். பின்பக்கத்து போல்ட் இரண்டும் வெளியே தெரிந்தன. எண்ணெய் விட்டதும் சுலபமாகக் கழன்றன. முன்பக்கத்து போல்ட்டுகளைக் காணவில்லை. சீட்டுக்கு அடியில் மறைந்திருந்தன.

அவற்றை எடுக்க சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினான். துரு பிடித்து இறுகிப்போயிருந்தது.

மறுபடி தள்ளக் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

பின்னால் தள்ள வேண்டுமென்றால் சீட் முன்னால் இருக்கிறது.

மோதிய வேகத்தில் முன்னால் வந்திருக்கும் என்று முதலில் நினைத்தான். குனிந்து பார்த்தான். கொக்கி உடையவில்லை, பற்கள் முறியவில்லை. யாரோ கையால் இழுத்து வைத்த பல்லில் கொக்கி ஒழுங்காக உட்கார்ந்து அங்கேயே துருவாகியிருந்தது.

பிறகு யாராவது இழுத்திருக்கலாம். யார்? எதற்கு?

ஸ்பேனரை மண்ணில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

கால் தானாகப் போய் பிரேக்கில் நின்றது. முழங்கால் மடிந்தது, முதுகு சாய்ந்தது, எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. இந்த இடத்தில் அலபாத்தியை உட்கார வைத்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். கதவையே சாத்த முடியாது.

இடக்கை ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதை அவன் வைத்த ஞாபகம் இல்லை.

அந்தக் கிழவர் வீட்டு வாசலில், விடியும் முன்பே ஊர் வழக்கப்படி பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு மன்னிப்புக்காக உட்கார்ந்தது அலபாத்தி. ஜெயிலுக்குப் போனதும் அவன்தான். ஜெயிலுக்குப் போனவன் என்று நியூசிலாந்துக்காரர்கள் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியது அவன் பாஸ்போர்ட்டைத்தான். அப்போதெல்லாம் லெமெக்கி தலையில் கட்டோடு படுத்திருந்தான். அல்லது ஆப்பிள் மரத்தின் மேல் இருந்தான்.

சேம்பிலைகள் உரசும் சத்தம் கேட்டது. அலபாத்தி கூடையை இறக்கி வைத்தான். அறுத்த கொடியைப் பார்த்தான். சீட்டில் இருந்தவனைப் பார்த்தான்.

"துரு ஏறிப் போச்சுடா. நகராது. விட்டுடு."

லெமெக்கி இறங்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு எனக்கு எந்தக் கை நனைஞ்சிருந்துச்சு?"

அலபாத்தி கத்தியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்தான்.

"மழைடா அது. ரெண்டுந்தான்."

சேவல் ஒன்று வண்டிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. லெமெக்கி பையைத் துழாவி, தன் வண்டிச் சாவியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினான்.

மதியம் படகிலிருந்து இறங்கிய மகள், "பெரியப்பாவா ஓட்டுறாரு?" என்றாள். லெமெக்கி கதவைத் திறந்து பிடித்தான். அவள் நடுவில் ஏறிக்கொண்டாள்.

அவள் பிறகு தலைநகர் ஆப்பியாவில் நர்ஸ் ஆனாள். பழைய வண்டியைக் கொடி மறுபடி மூடிக்கொண்டது. லெமெக்கி அதற்குப் பிறகு நியூசிலாந்து போகவில்லை, ஸ்டியரிங்கையும் தொடவில்லை. சீமைப்பலாக் கட்டை அடுப்புக்குப் போனது.

லெமெக்கியின் வண்டிச் சீட்டை யாரும் பழுது பார்க்கவில்லை. கடைசிவரை பின்னால் ஓடி நின்ற அந்த சீட் அலபாத்திக்குச் சரியாக இருந்தது.