தொட்டியின் ஆறாவது பக்கம்

"மாப்பிள்ளை, இந்த மூலையில இன்னும் பனி விழுந்த மாதிரி இருக்கே."

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

மாப்பிள்ளை பாலீஷ் துணியைக் கீழே வைத்தான். உப்புத்தாளை மறுபடியும் தண்ணீரில் நனைத்தான்.

தொட்டி பழசு. கண்ணாடி இல்லை, அக்ரிலிக். முன்பு வைத்திருந்த புண்ணியவான் அதைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் கழுவிக் கழுவி, உள்ளே இருப்பது மீனா மேகமா என்று தெரியாத பதத்தில் இவன் தலையில் கட்டியிருந்தார்.

மீன்கள் பாப்பாவுடையவை. தொட்டி தயாராகும்வரை குளியலறை வாளியில் குடியிருந்தன. முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தண்ணீர் மொள்ளும் சுதந்திரம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

அக்ரிலிக்கைத் தேய்ப்பதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஒரே ஒரு கீறலை எடுக்க, அந்தப் பக்கம் முழுவதையும் சொரசொரப்பான தாளால் தேய்த்துப் புகைமூட்டமாக்க வேண்டும். பிறகு அதைவிட நைசான தாள். அப்புறம் அதைவிட நைசு. கடைசியில் பாலீஷ். அப்போதுதான் தெளியும். அதற்குள் தோள்பட்டை கழன்று தனிக்குடித்தனம் போகத் தயாராகிவிடும்.

எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவன் விட்டுவிட்டான்.

அவன் கண்ணுக்குத் தொட்டி எப்போதோ தெளிந்துவிட்டது. மனைவியும் எட்டிப் பார்த்து, "பளிச்சுனுதானே இருக்கு, விடுங்க" என்றாள். ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருவரும் கீழ்க்கோர்ட்.

மாமனார் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். மயிரிழைக் கீறலுக்காக லாரி லோடையே திருப்பி அனுப்பியவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், பரிசோதனையிலிருந்து அல்ல. மகளைக் கேட்டு இவன் வந்து நின்ற அன்று, இவனை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம். போனால் போகிறது என்று பாஸ் செய்யப்பட்ட சரக்காகத்தான் அன்றிலிருந்து இவன் புழங்கி வருகிறான்.

அதனால், அவருக்குத் தெரிகிற பனி தனக்குத் தெரியவில்லை என்றால், கோளாறு தன் கண்ணில்தான் என்று நம்பினான்.

அவர் வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லை' விழுந்தால் போதும். மீன்கள் வாளியைக் காலி செய்யும். அவனும் போய்ப் படுப்பான்.

ஒருவேளை கீறல் உள்பக்கம் இருக்குமோ?

தொட்டியைப் படுக்கப் போட்டான். தலையை உள்ளே விட்டு, குகைக்குள் குடியேறியவன்போல் தேய்த்தான். தாள் மாற்றி, தாள் மாற்றி, பாலீஷ் போட்டு, துடைத்து, வெளியே வந்தான்.

"முடிஞ்சுது மாமா. பாருங்க."

மாமனார் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். லாரிகளைத் திருப்பி அனுப்பிய அதே மௌனம்.

"இருக்கிறதுலயே இந்தப் பக்கம்தான் மோசம் மாப்பிள்ளை. அப்படியே புகை."

எங்கே என்று காட்ட விரலை வைத்தார்.

விரல் உள்ளே போனது.

மணிக்கட்டும் போனது.

தொட்டிக்கு நாலு பக்கம், ஓர் அடித்தட்டு. ஆறாவது பக்கம் வெறும் வாய். படுக்கப் போட்டதில் அது அவரைப் பார்த்துத் திறந்துகிடந்தது. அங்கே தேய்க்கத் தகடே இல்லை.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, வட்டியோடு வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

மாமனார் கையை உடனே எடுக்கவில்லை. உள்ளே, காற்றில், விரல்களை ஒருமுறை விரித்து மூடினார். பிறகு மெதுவாக வெளியே இழுத்து, எதுவும் ஒட்டியிராத கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இருவரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

உள்ளேயிருந்து பாப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தாத்தா, கிளம்பலாமா? நீச்சல் கிளாஸுக்கு லேட்டாச்சு!"

அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, பெரிய சாலையைக் கடந்து கொண்டுபோய் விடுவது அவர்தான். தினமும்.

மாமனாரின் கை பாக்கெட்டுக்குள் போனது. அங்கேயே நின்றது.

மாப்பிள்ளை முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முக்கால்வாசி நிறைந்திருந்த பாலீஷ் டப்பாவைக் காலாலேயே நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"நீங்க சொல்றது சரிதான் மாமா, இன்னும் தேய்க்கணும். ஆனா பாலீஷ் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போற வழியில பாப்பாவை நானே விட்டுடறேன். சாவி குடுங்க."

அந்த ஸ்கூட்டரைச் சொந்த மகள் கேட்டாலே ஆயிரம் கேள்வி கேட்பவர் அவர். மாப்பிள்ளைக்கு அதைக் கழுவ மட்டும் அனுமதி உண்டு.

சாவி உடனே வந்தது. ரொம்ப நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததுபோலச் சுடச்சுட, வியர்வையோடு.

பாப்பா யார் ஓட்டினால் என்ன என்று வாசலுக்கு ஓடினாள். மாமனார் நாற்காலியின் கையைத் தடவித் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நாளைக்கும் தீர்ந்துபோகுமா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டான்.

"கொஞ்சமாத்தான் வாங்குவேன் மாமா."