பத்தொன்பது கிலோ

மார்ச் 3, காலை எட்டு மணி: மூன்றாம் கிடங்கில் இரும்புச் சீவல் 3,000 கிலோ. மார்ச் 12, காலை எட்டு மணி: அதே கிடங்கு, அதே சீவல், 3,019 கிலோ.

“இரும்பு குட்டி போட்டிருக்கா மாப்ள?”

மேற்பார்வையாளர் சிரித்தார். எடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

“விளையாடாதீங்க மச்சான். நான் தண்ணி ஊத்தி எடை ஏத்திட்டேன்னு மேனேஜர் சொல்றாரு. சாயந்திரத்துக்குள்ள காரணம் சொல்லணும். இல்லன்னா நாளையிலிருந்து வராதேன்னுட்டாரு.”

மேற்பார்வையாளர் எடைக்காரரின் மனைவிக்கு அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

“மிஷின் கோளாறா இருக்குமோ?”

“சீவல் கொட்டுற அன்னைக்கு நீங்கதானே ஏறி நின்னு பார்த்தீங்க? சரியா எழுபத்திரண்டு காட்டிச்சே!”

“அதுக்குள்ள எத்தனை தடவை ‘ஆடாம நில்லுங்க, நம்பர் நிக்க மாட்டேங்குது’ன்னு கத்தின! மூச்சு விட்டாக்கூட உனக்குக் குத்தம்.”

பட்டறையில் இரும்பைச் சீவும்போது விழும் ஈரச் சுருள்களை மூன்றாம் கிடங்கில்தான் கொட்டி வைப்பார்கள். முன்பு குளிர்பதன அறையாக இருந்த இடம். ஜன்னல் கிடையாது, கதவைச் சுற்றித் தடித்த ரப்பர். தரை முழுக்க எடை மேடை. அது காட்டும் எண் வெளியே, கதவுக்கு மேலே ஒளிரும். லாரி வரும்வரை கதவை யாரும் திறப்பதில்லை.

“எவனோ சாப்பாட்டு நேரத்துல புகுந்து தண்ணி ஊத்துறான். உன்னை மாட்டிவிடத்தான். அவனைக் கையும் களவுமா பிடிச்சுத் தரேன். நீ போய் வயித்தைக் கவனி” என்றார் மச்சான்.

சாப்பாடு இறங்கவில்லை. வாசல் மரத்தடியில் நின்று எடைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். பரீட்சை விடுமுறையில் இருந்த மகள் எடுத்தாள். குரலிலேயே கண்டுபிடித்து, என்னவென்று துளைத்து எடுத்துவிட்டாள்.

“அய்யோ அப்பா, இதைத்தான் காலையிலேர்ந்து போட்டுட்டிருக்கேன்! நாலு இரும்பு, கூட மூணு ஆக்சிஜன் மூலக்கூறு. அந்தப் பக்கம் ரெண்டு துரு. ரெண்டு பக்கமும் சமமா வரணும். எதுவும் புதுசா முளைக்காது, எதுவும் காணாமலும் போகாது.”

“அப்ப பத்தொன்பது கிலோ?”

“காத்துலேர்ந்து வந்தது. ஈர இரும்பு ஆக்சிஜனை இழுத்துத் துருவாயிடுச்சு. ரூம் எவ்வளவு பெரிசு?”

“அஞ்சுக்கு ஆறு மீட்டர். உயரம் நாலு.”

பேனா கீறும் சத்தம் கேட்டது.

“அதுல மொத்தமே முப்பத்து மூணு கிலோ ஆக்சிஜன்தான் இருந்திருக்கும். பத்தொன்பது இரும்புக்குள்ள போயிடுச்சு. மிச்சம் பதினாலு. கணக்கு நேராயிடுச்சு பாருங்க!”

“என் வயித்துல பால் வார்த்தடா கண்ணு!”

“மாமாகிட்ட சொல்லுங்க, எனக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கித் தரணும்.”

அன்று முதல் முறையாக எடைக்காரர் சிரித்தார். பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே குறித்துக்கொண்டார்: காற்றில் குறைந்தது பத்தொன்பது, இரும்பில் கூடியது பத்தொன்பது. மேனேஜர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் மச்சானிடம் சொல்ல வேண்டும்.

மச்சானைத் தேடி மூன்றாம் கிடங்குக்கு ஓடினார். கதவு உள்பக்கம் இழுத்துச் சாத்தியிருந்தது. வாசலில் மச்சானின் செருப்புகள்.

நிமிர்ந்து பார்த்தார். 3,091.

எண் ஆடவில்லை.