விசிறிக்காகக் காத்திருந்தவை

பிலோமினாவின் மேசையில் மூன்று குட்டிக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவுதான். நாலாவதும் வாங்கி, நாலையும் கோத்து ஒன்றாக ஓட்டுவது அவள் திட்டம். எட்டு மாதமாக அவை பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

"இன்னைக்காவது நமக்குக் கரண்ட் கொடுப்பாளா அண்ணா?" என்று சின்னது பரபரத்தது.

"விசிறி வரட்டும்," என்றது நடுவிலது.

"நம்மளைக் குளிர வைக்கிற விசிறி போன மாசமே வந்துச்சே! சத்தம் போடுதுன்னு திருப்பி அனுப்பிட்டா," என்றது மூத்தது. "அதுக்கு முன்னாடி பவர் சப்ளை பத்தாதுன்னா. இருப்பே கொள்ளல எனக்கு."

அன்று பக்கத்து வீட்டு மொய்தீன் வந்தார். காடைக் குஞ்சுகளின் கொட்டகையில் சூட்டைக் கவனிக்க ஏதாவது வேண்டுமாம். பிலோமினா மூத்ததை எடுத்து நீட்டினாள்.

"பழைய மாடல் பாய், எனக்கு இனி ஆகாது. நீங்க வச்சுக்கங்க."

மூத்தது கூனிக் குறுகிப் போனது.

மொய்தீன் அதோடு ஒரு வெப்பமானியையும் கொட்டகையின் குண்டு பல்பையும் இணைத்து, ஒரு பழைய போன் சார்ஜரில் மாட்டினார். முதன்முதலாக அதன் உடம்பில் மின்சாரம் ஓடியது. மதியம் மழை பிடித்துக் கொட்டகை குளிர்ந்ததும், அது தானே பல்பைப் போட்டது. நடுங்கிய நாற்பது குஞ்சுகளும் பல்புக்கு அடியில் ஓடி வந்து ஒண்டின. தூசியும் தவிடும் மேலே படிய, மூத்தது சுடச்சுட வேலை பார்த்தது.

அதே நேரம் மேசைக்குப் புது மாடல் ஒன்று பார்சலில் வந்திறங்கியது.

"எப்ப ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டது.

"விசிறி வரட்டும்," என்றது நடுவிலது. "பாவம் எங்க அண்ணன். கொஞ்சம் பொறுத்திருந்தா நம்மகூடவே இருந்திருக்கலாம்."