ஒரு ஈடு வேகும் நேரம்

ஓஷ் நகரத்துச் சந்தையில் கறி அடைத்த சம்சா ஒரு ஈட்டைத் தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிவிட்டு, மவ்லுதா தெருவைத் தாண்டி ஓவியக்கூடத்துக்குள் நுழைகிறாள். வேக இருபது நிமிடம். அதில் பதினைந்து அவளுடையது. மாவு படிந்த ரப்பர் செருப்பு வழவழத்த தரையில் கீச்சிடுகிறது. நடுப்பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக அவள் பார்க்க வந்த படத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது: தந்தூர் அடுப்புக்குள் குனிந்து ரொட்டி ஒட்டும் பெண். வாய் நிறையச் சிரிப்பு, வெறும் கை, மணிக்கட்டில் வெள்ளி வளையல். சுற்றிப்பார்க்க வந்த பத்துப் பேரிடம் வழிகாட்டிப் பெண் பெகிமாய் சொல்கிறாள்: "உழைப்போட ஆனந்தத்தைப் பாருங்க." "அந்த வளையல் சூட்டுல பழுத்துடும்மா," என்கிறாள் மவ்லுதா பின்னாலிருந்து. "முழங்கை வரைக்கும் உறை மாட்டாம எவளும் உள்ள கைய விடமாட்டா." எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. "மெதுவாக்கா," என்கிறாள் பெகிமாய். "வரைஞ்சவர் எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா?" "இருக்கட்டும். அது அடுப்புக்குத் தெரியாதே!" மவ்லுதா சட்டைக் கையைச் சுருட்டி, படத்தின் பக்கத்தில் தன் கையை நீட்டுகிறாள். உறையையும் மீறிச் சுட்ட தழும்புகள், பழசும் புதுசுமாக, முழங்கை தாண்டி ஏறியிருக்கின்றன. "நெருப்பை மட்டும் அச்சு அசலாப் போட்டிருக்கார். அதுக்குத்தான் தினம் வர்றேன்." பெகிமாய் கெஞ்சுகிறாள்: "கைய இறக்குங்கக்கா." மவ்லுதா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. பாக்கட்டும்."