தயவுசெய்து கதைக்கவும்

"காணாது. இன்னும் கொஞ்சம் உரத்துச் சண்டை பிடியுங்கோ," என்று நூலகர் கமலாட்சி கெஞ்சினார்.

வட்டமேசைகளைச் சுற்றியிருந்த அறுபது பேரும் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்தார்கள். ஒருவர் மேசையில் அடித்தார். இன்னொருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். சுவரிலிருந்த கருவி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

இரணைமடுக் குளத்துப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தின் விஞ்ஞான நூலகத்தைக் 'கூடிக் கற்கும் நவீன மையம்' ஆக்கி மூன்று மாதம். புத்தக அலுமாரிகள் போய்ச் சுவரளவு தொடுதிரை வந்தது. 'அமைதி காக்கவும்' என்ற பலகை போய்த் 'தயவுசெய்து கதைக்கவும்' வந்தது. கூடவே வந்ததுதான் இந்தக் கருவி. ஆட்கள் கூடிக் கதைத்தால் பச்சை எரியும்; அந்தக் கணக்கு அந்தக் கணமே கொழும்புக்குப் போகும்.

மாணவர்களோ பாலர் வகுப்பிலிருந்தே வாயில் விரல் வைத்துப் பழகியவர்கள். ஒரே மேசையில் முட்டிக்கொண்டு இருந்தாலும் போனில்தான் கதைத்தார்கள். போன கிழமை வரை கருவி சிவப்பிலேயே தூங்கியது. இன்று மாலைக்குள் பச்சைக் கணக்கு நிரம்பாவிட்டால் கமலாட்சியின் வேலை நிரந்தரமாகாது என்று கொழும்பு சொல்லிவிட்டது.

போன் அடித்தது. திட்ட அதிகாரி சிவகரன்.

"உங்கட பச்சைக் கோடு கூரையைப் பிச்சுக்கொண்டு போகுது. அப்பிடி என்ன ஆராய்ச்சி?"

"தண்ணி, சேர்."

"எத்தினை குழு?"

"இடதுகரை, வலதுகரை எண்டு ரெண்டு. ஒண்டு சொல்லுறது மற்றதுக்குப் பிடிக்காது."

அதுதான் அசல் விஞ்ஞானம் என்று அதிகாரி நெகிழ்ந்துபோனார். நியமனக் கடிதம் முன்னால்தான் கிடக்கிறது, இப்பவே கையெழுத்து வைக்கிறேன் என்றார். பேனா மூடி கழலும் சத்தம்கூடக் கமலாட்சிக்குக் கேட்டது.

வைக்கமுதல் அவருக்கு ஒரு சின்ன ஆசை. இந்த மையத்தைத் தேடி வருவது ஏன் என்று யாராவது ஒருவர் தன் வாயால் சொல்ல வேண்டுமாம். எல்லாரும் மும்முரமாக இருக்கிறார்கள் என்று கமலாட்சி சமாளித்துப் பார்த்தார்.

ஆனால் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கதைக்கிறார் என்பது பக்கத்து மேசை அப்புத்துரைக்குக் கேட்டுவிட்டது. அப்படியொரு ஆள் கிடைக்கமாட்டாரா என்றுதான் அவரும் ஒரு கிழமையாகக் காத்திருந்தார். போன் கை மாறியது.

"நாங்கள் வேற எங்க ஐயா போறது? வயல் தண்ணிக்கு நாங்கள் கூட்டம் வைக்கிற கமக்காரர் மண்டபத்தில உங்கட கம்பஸ் பிள்ளையள் வந்திருந்து படிக்கினம். நாங்கள் வாய் திறந்தா 'உஷ்' எண்டு கலைக்கினம்."