சிவப்புத் தட்டு

"சேயோன் தம்பி இதிலை கெட்டிக்காரனாம். நீயும் ஒருக்கா எறிஞ்சு பார் பிள்ளை" என்றாள் அம்மா.

கலியாணம் பேசி வந்திருந்த சேயோனோடு கம்சனா கதைத்துப் பழகட்டும் என்று, ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வெளியே அவள் படிக்கும் பல்கலைக்கழக வளாகத்துக் காட்டுக்கு அம்மாதான் இருவரையும் கூட்டி வந்திருந்தாள். மரங்களுக்கு நடுவே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள். பிளாஸ்டிக் பறக்கும் தட்டை எறிந்து அவற்றுக்குள் விழுத்த வேண்டும்; அதுதான் விளையாட்டு.

கம்சனா எறிந்த தட்டு பக்கத்து மரத்தில் மோதி விழுந்தது.

"எனக்கு ஏலாது. நீங்களே எறியுங்கோ."

"பழகினால் வரும். நீங்கள் என்ன படிக்கிறியள்?" என்று சேயோன் மரியாதையாகக் கேட்டான்.

அம்மா சற்றுப் பின்தங்கியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு வருசமாய் என்னைத் தோற்கடிக்கிற ஆள், நல்லாத்தான் நடிக்கிறீர்!"

"சிரிக்காதையும். எங்கட அதிர்ஷ்டம், அம்மாவே உம்மைத் தேடிப் பிடிச்சிருக்கிறா. காதல் எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டா."

கடைசிக் கூடையடியில் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சிவப்புத் தட்டை எடுத்தாள். அதன் அடிப்பக்கத்தில் சேயோனின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தன. தொலைந்தால் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கட்டும் என்று விளையாடுகிறவர்கள் எழுதி வைப்பதுதான்.

"இவளின்ர கட்டிலுக்குக் கீழ கிடந்தது தம்பி. திருப்பித் தருவம் எண்டு போன் அடிச்சனான். உங்கட அம்மா கதைச்சவ. அப்பிடியே கலியாணத்தையும் பேசி முடிச்சிட்டம்."

அம்மா தட்டை மகளின் கையில் வைத்தாள்.

"இனியாவது ஒழுங்கா எறி பிள்ளை."