கோணல் பார்வையும் நேரான கூடும்

தூக்கணாங்குருவிகளில் கூடு பின்னுவது ஆண். பாதி முடிந்த கூட்டைச் சுற்றிப் பார்த்துப் பிடித்தால் குடிவருவது பெண். இந்த வழக்கத்தால்தான் குழந்தைவேலு மூன்று வருஷமாகப் பிரம்மச்சாரி. அவன் கருவிழியின் வளைவு ஒரு பக்கம் பிசகியிருந்தது; கண்ணாடிக் கடைக்காரர் சிலிண்டர் பவர் என்பாரே, அதுதான். அவன் நேராகப் பின்னியதாக நினைத்த கூடெல்லாம் பனையோலையில் சாய்ந்தே தொங்கின.

இந்த மழைக்குள்ளாவது கல்யாணம் ஆகவேண்டுமென்று மின்மினி டாக்டரிடம் போனான். அவர் அரை நிமிஷம் ஒளியைப் பாய்ச்சி வளைவைச் சரியாகச் செதுக்கிவிட்டார். கண் திறந்த குழந்தைவேலு முதல் வேலையாக ஓர் எறும்பின் கால்களை எண்ணினான். நூல்களில் சொன்னபடியே ஆறு. தலைகால் புரியவில்லை அவனுக்கு. ஒரே வாரத்தில், கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததுபோல் நேராக ஒரு கூடு பின்னினான்.

கனகவல்லி வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கோணலா இருக்கே."

"கூடு நேராத்தாங்க இருக்கு. உங்களுக்கும் என்னை மாதிரியே சிலிண்டர் பவர். லேசர் பண்ணா அரை நிமிஷந்தான்."

"கூடு பார்க்க வந்தா கண்ணையா குறை சொல்றீங்க? அடுத்த பனையில நாலு கூடு இருக்கு," என்று சிறகை விரித்தாள்.

குழந்தைவேலு பாய்ந்துபோய் இடப்பக்கத்து நாரை இழுத்துக் கட்டினான். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இப்பதான் நேரா இருக்கு," என்று உள்ளே போனாள்.

"ஆமாங்க, துளிகூடக் கோணல் இல்ல," என்று சொல்லிவிட்டு, குழந்தைவேலு தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் பின்னால் நுழைந்தான்.